ஆர்கானிக்: சொல்லும் சான்றும்

ஆர்கானிக் என்பது, செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றிய விதை ஆகியவை இன்றி, வகுக்கப்பட்ட விதிகளின்படி விளைவித்துச் சான்று பெற்ற உணவுப்பொருளைக் குறிக்கும் சொல். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் குண்டு மிளகாய், கருப்பட்டி, கருவாடு என எந்தப் பொட்டலத்திலும் இதனை அச்சிட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது.

கருவியைக் குறித்த 'ஆர்கனான்' என்னும் கிரேக்கச் சொல் உடலுறுப்பையும் குறித்து, பின்னர் உயிருள்ளவற்றுக்கு உரிய அடைமொழியாக வளர்ந்தது. இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு, பண்ணை முழுவதையும் ஓர் உயிருடலாகக் கருதி, 1940இல் இதனை வேளாண்மைக்கு ஆண்டார். ஆகவே இச்சொல் பேசுவது பொருளின் தூய்மையை அன்று, விளைவித்த முறையை. வேதியியலிலோ இதே சொல் கரிமச் சேர்மங்களைக் குறிக்கும். அந்தக் கணக்கில் யூரியாவும் ஆர்கானிக்தான். ஆனால் ஆர்கானிக் வயலில் யூரியா உரத்துக்கு இடமில்லை.

இதனாலேயே 'கரிம உணவு' என்னும் மொழிபெயர்ப்பு பிழைபடுகிறது. 'இயற்கை உணவு' செவிக்கு இனியது, ஆயினும் சான்று பெற்றதையும் பெறாததையும் அது வேறுபடுத்துவதில்லை. அரசு ஆவணங்களில் 'அங்கக வேளாண்மை' வழங்குகிறது. 2023இல் வெளியான தமிழ்நாட்டுக் கொள்கையும் அப்பெயரையே தாங்கியது. அங்கம் என்னும் வடசொல்லின் வழிவந்த அது கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானதே. எனினும் பண்ணையை உயிருடலாகக் கண்ட கருத்தை நேரே உணர்த்துவதால், 'உயிர்ம வேளாண்மை', 'உயிர்ம விளைபொருள்' என்பனவே என் தேர்வு.

சான்றுக்கு இந்தியாவில் இரு வழிகள் உள்ளன. 2001இல் தொடங்கிய தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டத்தில் ஏற்பு பெற்ற சான்றளிப்பு அமைப்பு வயலையும் பதிவேடுகளையும் ஆய்வு செய்யும். ஏற்றுமதிக்கு இதுவே வழி. பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கின்றனர். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உறையில் உயிர்ம விளைபொருள் என்று குறிப்பிடப் பொதுவாக இவ்விரண்டில் ஒன்று வேண்டும். 'ஜைவிக் பாரத்' இலச்சினை அதன் அடையாளமாக அவ்விதிகளில் வகுக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பு உரிம எண் உயிர்மச் சான்று அன்று. சாதாரண மிளகாய்த்தூள் பொட்டலத்திலும் அந்த எண் இருக்கும்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாய் பெரும்பாலும் மானாவாரிப் பயிர். மழையை நம்பி விளைந்தது என்பதாலேயே அது உயிர்ம மிளகாய் ஆகிவிடாது. புவிசார் குறியீடும் ஊரைச் சொல்லுமேயன்றி உரத்தைச் சொல்லாது. மிளகாய் போன்ற ஓராண்டுப் பயிருக்கு நிலம் பொதுவாக, உயிர்ம முறைக்கு மாறும் இரண்டாண்டு மாறுகாலத்தைக் கடந்திருக்க வேண்டும். கருப்பட்டி தரும் சாயல்குடிப் பக்கத்துப் பனைக்கு யார் உரமிட்டார்கள் என்று கேட்கலாம். தானாக வளர்ந்தவற்றைச் சேகரிப்பதற்கும் தேசியத் திட்டத்தில் தனி விதி உண்டு. ஆனால் சேகரிக்கும் பரப்பு தடைசெய்யப்பட்ட பொருள்கள் படாதது என்று அங்கும் மெய்ப்பிக்க வேண்டும்.

கருவாட்டின் நிலை வேறு. கடலில் தானே திரிந்த மீனின் தீவனத்துக்கும் வளர்ப்புக்கும் பதிவேடு காட்ட இயலாது; ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் கடலில் பிடித்த மீனை உயிர்ம விளைபொருளாகக் கொள்வதே இல்லை. உப்பும் மீனும் மட்டுமே கொண்ட கருவாட்டுக்கு அந்த இரண்டையும் உறையில் எழுதினாலே போதும்.