ஹைரெஸ் பாட்டு: நெட்டிலேயே கேட்பதா, இறக்கி வைப்பதா?

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடுகளுக்கு ஆம்ப், ஸ்பீக்கர் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வேலை முடிந்து மிச்ச ஒயரைச் சுருட்டும்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "அண்ணே, ஹைரெஸ் பாட்டை மாசச் சந்தா கட்டிக் கேக்குறதா, இல்ல டவுன்லோடு பண்ணி வச்சுக்கிறதா?" ஹைரெஸ் என்பது சிடியைவிட நுணுக்கமாக அளந்து பதிந்த ஒலி. நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: பாட்டு ஆம்புக்கு எப்படிப் போகப்போகிறது? பெரும்பாலும் வரும் பதில், "போன்ல இருந்து ப்ளூடூத்துலதான்."

அப்படியென்றால் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. சிடியில் இருக்கும் ஒலிக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 96,000 தடவை, ஒவ்வொரு தடவையும் 24 பிட் நுணுக்கத்தில் ஒலியை அளந்தது; சுருக்கமாக 24/96) என்று போட்டிருக்கும் ஹைரெஸ் பாட்டுக்குச் சுருக்காமல் அனுப்ப 4,608. சாதாரண ப்ளூடூத் கொண்டுபோவது 330-க்குள். சோனியின் எல்டேக் என்ற ப்ளூடூத் முறை உச்சத்தில் ஓடினாலும் 990தான். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் எதையும் வெட்டாத, இழப்பில்லாத (லாஸ்லெஸ்) ஒலியைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுத்தபோது, ப்ளூடூத் ஹெட்போனில் அது அப்படியே வராது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சந்தா கட்டினாலும் சரி, இறக்கி வைத்தாலும் சரி, அந்த வழியில் போனால் காதுக்கு வருவது ஒன்றுதான்.

ஆகவே முதல் செலவு ஒரு ஒயரும், டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் சின்ன டேக்கும் (DAC). போனின் யுஎஸ்பியில் டேக்கைச் செருகி, அங்கிருந்து ஆம்புக்கு ஆர்சிஏ ஒயர். இதிலும் ஒரு கண்ணி உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்கள் எந்தப் பாட்டையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித்தான் வெளியே விடும். டேக்கில் எண்ணோ நிற விளக்கோ இருந்தால் அதைப் பாருங்கள். ஆப் திரையில் 192 என்று காட்டும்போது டேக் 48 என்று காட்டினால், நம்ப வேண்டியது டேக்கைத்தான்.

சரி, எல்லாம் ஒழுங்காகவே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 24/96 கேட்டால் வித்தியாசம் தெரியுமா? சிடி நொடிக்கு 44,100 தடவை அளக்கும்; அந்த 44.1 கிலோஹெர்ட்ஸில் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கிவிடும். மனிதக் காதுக்கு எல்லை 20. வயது ஏற ஏற அதுவும் குறையும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷ்வா ரைஸ் 2016-இல் 18 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். ஹைரெஸ்ஸைச் சரியாகக் கண்டுபிடித்தது 52.3 சதவீதம். காசைச் சுண்டிப் பூவா தலையா போட்டாலே 50 வரும். பயிற்சி எடுத்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஃபேன் சுற்றும் நம் ஹாலில், தெருவில் ஆட்டோ போகிற நேரத்தில், சிடி தரத்தில் இழப்பில்லாமல் வந்தால் போதும் என்பதே என் கணக்கு. அதற்கு மேலான எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இந்த எண் மோகத்தில் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். "24 பிட் ஒரிஜினல்" என்று பாட்டு ஏற்றிய பென்டிரைவை வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து காட்டுவார்கள். ஸ்பெக் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. பாட்டை அதில் போட்டால் அலைவரிசை படமாக விரியும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது பெரும்பாலும் 128 கிலோபிட் எம்பி3. 22-இல் நின்றால் பெரும்பாலும் சிடியை ஊதிப் பெருக்கியது. தண்ணீர் ஊற்றிப் பெருக்கிய சாம்பார்தான், பாத்திரம் மட்டும் பெரிது. 1922-இல் இதே மதுரையில் பிறந்த டி.எம்.எஸ்ஸின் பழைய பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், மூல டேப்பிலிருந்து கவனமாக எடுத்த சாதாரண 16 பிட் (சிடி தர) பிரதி, கேசட்டிலிருந்து யாரோ எடுத்து 24 பிட்டாக மாற்றியதை எளிதாகத் தோற்கடிக்கும். புதிதாக மெருகேற்றியது என்று வரும் பதிப்புகள் சிலவற்றில் சத்தத்தை ஒரேயடியாக ஏற்றி, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிப்போயிருக்கும். அதை எந்த பிட்டும் காப்பாற்றாது.

நெட்டில் கேட்பவர்களுக்கு ஒரு டேட்டா கணக்கு. 24/96-ஐ ஃபிளாக்காக (இழப்பில்லாமல் சுருக்கும் ஃபைல் வகை) சுருக்கி அனுப்பினாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபியைத் தாண்டும். சிடி தரம் என்றால் 400 எம்பி சுமார். அண்ணாநகரிலோ திருநகரிலோ ஃபைபர் இருக்கும் வீட்டில் இது பிரச்சினையே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்து வீட்டில் போன் நெட்டை நம்பினால், தினம் 1.5 ஜிபி பிளான் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் தாங்கும். சிக்னல் குறைந்தால் 'ஆட்டோ' என்று வைத்திருக்கும் ஆப் சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துவிடும். செட்டிங்கில் வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தரத்தைத் தனித்தனியாக நீங்களே வையுங்கள்.

"அதுக்குத்தான் ஆப்லயே டவுன்லோடு பட்டன் இருக்கே?" என்பார்கள். இருக்கிறது, ஆனால் அப்படி இறங்கும் பாட்டு உங்களுடையது அல்ல. அந்த ஆப்பைத் தவிர வேறெதிலும் திறக்காது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் இணையாவிட்டால் போய்விடும். சந்தா நின்றாலும் போய்விடும். உரிமைச் சிக்கலில் நிறுவனம் பாட்டை எடுத்துவிட்டால், சந்தா கட்டியிருந்தாலும் போய்விடும். நான் டவுன்லோடு என்று சொல்வது காசு கொடுத்து வாங்கிய ஃபைலையும், சொந்த சிடியிலிருந்து எடுத்ததையும்தான்.

நாகஸ்வரக் கச்சேரி, கிராமியப் பாட்டு, சின்னக் கம்பெனிகள் போட்ட பக்திப் பாடல் இதிலெல்லாம் பல ஆப்பில் கிடைக்காது. பரணில் கிடக்கும் சிடியிலும் கேசட்டிலும்தான் இருக்கும். புதுச் சந்தாவுக்கு முன் பரணில் ஏறிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஒரு டிவிடி டிரைவ் இருந்தால், எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளால் சிடியை ஃபிளாக்காக எடுத்துவிடலாம். மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டு, பிழை இருந்தால் அதுவே சொல்லிவிடும். ஒரு டிபி டிஸ்கில் 2,000 சிடிக்கு மேல் அடங்கும். கேசட்டை மட்டும் 24 பிட்டில் பதியச் சொல்வேன். சத்த அளவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பதிந்தாலும் ஒலி கெடாது, எதிர்பாராத உரத்த இடத்தில் பிசிறும் அடிக்காது. 24 பிட் உண்மையில் சம்பாதித்துக் கொடுப்பது பதிவு செய்யும் இடத்தில்தான்.

அப்புறம் அறை. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை: நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால் சத்தம் 'டிரிங்' என்று திரும்பி வரும். ஜமக்காளமும் கனமான திரைச்சீலையும் செய்யும் மாற்றத்தை எந்த ஃபைலும் செய்யாது. இன்வெர்ட்டருக்கு மாறும்போது ஸ்பீக்கர் உறுமினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இறக்கி வைக்கிறவர்கள் இரண்டு டிஸ்கில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லிவிட்டுச் சாவதில்லை. இரண்டாவதைச் சித்திரை வெயிலில் கொதிக்கும் பரணில் போடாமல், கீழே பீரோவிலோ, இன்னும் நல்லது தங்கச்சி வீட்டிலோ வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகிப் பாருங்கள்.