லிங்க் செய்வது இணைப்பதா, பிணைப்பதா?

‘வெளிப்புற நூலகங்களை இணைக்கவும்’ என்று ஒரு நிரலாக்கப் பயிற்சிக் குறிப்பில் போட்டிருந்தது. நூலகம் என்றால் லைப்ரரி, பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு, அதை நம் நிரலோடு லிங்க் செய்யச் சொன்ன வரி அது. அதைப் படித்த ஒரு பையன் தரவைச் சுருக்கும் லைப்ரரியான ஸீலிப்பின் கோப்பை எடுத்து, மின்னஞ்சலில் படம் இணைக்கிற மாதிரி, தன் கோப்புறைக்குள் நகலெடுத்து வைத்துவிட்டான். அப்புறம் ‘இணைச்சிட்டேனே, ஆனாலும் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்னு வருதே’ என்று வந்து நின்றான். கூப்பிட்ட பெயர் எங்கேயும் கிடைக்கவில்லை என்பதுதான் அந்தப் பிழை. அவன்மேல் தப்பே இல்லை.

லிங்க் என்பது ஸ்காண்டிநேவிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், பொருள் சங்கிலி வளையம். அது போதும்.

இணைப்பு என்ற சொல்தான் படாத பாடு படுகிறது. மின்னஞ்சலின் அட்டாச்மென்ட் இணைப்பு, வலைப்பக்க லிங்க் இணைப்பு, வைஃபை போனால் இணைப்பு இல்லை, வீட்டுக்கு மின் இணைப்பு, கேஸ் இணைப்பு, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் இரண்டு கிளைகளை மெர்ஜ் செய்வதும் இணைப்பு. போதாக்குறைக்கு, இன்னொரு கோப்பின் வரிகளைச் சேர்த்துக்கொள்ளும் இன்குளூடையும் ‘இணை’ என்கிறார்கள். ‘இணைப்புப் பிழை’ என்று திரையில் வந்தால் யாராக இருந்தாலும் ரவுட்டரைத்தான் அணைத்துப் போடுவார்கள்.

நடப்பது என்ன? கம்பைலர் நாம் எழுதிய ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக இயந்திர மொழிக்கு மாற்றும்போது, ஸீலிப்பின் ‘கம்ப்ரெஸ்’ என்ற செயற்கூறு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, பெயரை மட்டும் குறித்துவிட்டு முகவரியைக் காலியாக விடும். அந்தப் பெயரை லைப்ரரியில் தேடி முடிச்சுப் போடுவது லிங்கர். நிரலைக் கட்டும் வேலையை வழிநடத்தும் சிமேக் கருவியில் ஃபைண்ட்_பேக்கேஜ் எழுதினால் ஸீலிப் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதோடு சரி, டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ் எழுதினால்தான் முடிச்சு விழும். தேடுவதும் கட்டுவதும் வேறு வேறு வேலை, இரண்டையும் ‘இணைத்தல்’ என்று மழுப்பினால் படிப்பவன் முதல் வரியோடு நின்றுவிடுவான்.

அதனால்தான் பிணைப்பு என்கிறேன். களத்தில் போரடிக்க மாடுகளை வரிசையாகக் கட்டிச் சுற்றவிடுவதைப் பிணையல் என்பார்கள், மாடு தனித்தனி, கட்டு ஒன்று. ‘பிணை என்றால் ஜாமீன் ஆச்சே’ என்றார் ஒரு நண்பர். இருக்கட்டுமே! பல நிரல்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு லைப்ரரி என்றால் லிங்கர் அதன் சரக்கை உள்ளே கொண்டுவருவதில்லை, ‘இன்ன லைப்ரரி தேவை’ என்று எழுதி வைக்கிறது, ஓடும் நேரத்தில், நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர் வந்து அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது. ஜாமீனும் அதே கதைதானே. லைப்ரரி கிடைக்காவிட்டால் நிரல் கிளம்பவே கிளம்பாது.

ஆக லிங்கர் பிணைப்பி, லிங்கர் எரர் பிணைப்புப் பிழை. நூலகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதற்கு உருப்படியான சொல் கிடைக்கும்வரை நான் லைப்ரரி என்றே எழுதப்போகிறேன்.