கோப்பையில் கட்டிய சிவப்பு நூல்

சில ஆண்டுகளுக்கு முன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே சாட்ஸ்வர்த்தில் உள்ள ஒரு வீட்டுக்கு மனநல ஆலோசகராகச் சென்றிருந்தேன். காசநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தபோது எச்.ஐ.வி. தொற்றும் இருப்பது தெரியவந்து, சிகிச்சையைத் தொடங்கி வீடு திரும்பியிருந்த பெண் ஒருவரைப் பார்ப்பதற்காக. (அடையாளம் தெரியாதிருக்க, இங்கே வருவோரின் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பைகளில் தேநீர் வந்தது. அவருடைய கோப்பையின் கைப்பிடியில் மட்டும் சிவப்பு நூல் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிடப்பட்டிருந்தது. மாமியாரின் வேலை என்றே நினைத்தேன். பிறகு தனியாகப் பேசும்போது கேட்டதற்கு, "நான்தான் கட்டினேன் அம்மா. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே கட்டிக்கிட்டேன்" என்றார்.

எச்.ஐ.வி. கோப்பை வழியாகப் பரவாது என்பதும், காசநோய் காற்றின் வழியாகவே பரவுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். மருத்துவமனைச் செவிலியர் பொறுமையாக விளக்கியிருந்தார். அறியாமையால் கட்டப்பட்ட நூல் அல்ல அது. நாளை யாரேனும் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில், அந்த ஒதுக்குதலை இன்றே தம் கையால் செய்து முடித்துக்கொண்டார். சிறுபான்மையினர் சுமக்கும் மன அழுத்தத்தைப் பற்றி 1990களிலிருந்து எழுதிவரும் உளவியலாளர் இலான் மேயர், நேரடியாக நிகழும் அவமதிப்பை மட்டும் அதில் கணக்கிடவில்லை. அவமதிப்பு வரும் என்று எந்நேரமும் காத்திருப்பது, தன்னை மறைத்துக்கொள்வது, பிறரின் வெறுப்பைத் தன் வெறுப்பாகவே ஏற்றுக்கொள்வது ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறார். அவர் தன்பாலீர்ப்பினரை முன்வைத்து எழுதினார். ஆனால் தொற்றுடன் வாழ்பவர்களிடமும் இவை அனைத்தையும் நான் கண்டிருக்கிறேன். ஒருவரும் ஒரு கடுஞ்சொல் கூடச் சொல்லாத வீட்டிலும் ஒருவர் தூக்கமின்றி, பசியின்றி மெலிந்துகொண்டே போவது இதனால்தான்.

மறைத்தல் என்பது நாள் முழுவதும் செய்யும் வேலை. டர்பனை அடுத்த ஃபீனிக்ஸைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஆறு ஆண்டுகளாக இன்னோர் ஆணுடன் அன்பில் இணைந்திருப்பவர். திங்கட்கிழமை அலுவலகத்தில் வார விடுமுறையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஆங்கிலத்தில் அவனா அவளா என்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதால், 'அவள்' என்று பொய் சொல்வார். பிறகு போன வாரம் சொன்ன பொய் எது என்று நினைவில் வைத்திருப்பார். ஆயாவிடம் அரைகுறைத் தமிழில் பேசும்போது மட்டும், "அவர் வந்தார், அவர் சமைத்தார்" என்று உண்மையையே சொல்ல முடிகிறது என்றார். நம் மரியாதைப் பன்மையில் ஆண் பெண் தெரிவதில்லை. நம் மொழியின் இந்தச் சிறு இடைவெளிக்குள் ஒரு பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம் ஒண்டிக்கொள்கிறது என்பதைக் கேட்டு, அன்று எனக்கு வேறெதிலும் மனம் ஓடவில்லை.

அவர் என்னிடம் வருவதற்கு முன், இதே துறையில் வேறோர் ஆலோசகரைச் சந்தித்தவர். முதல் சந்திப்பிலேயே, "எப்போது கல்யாணம், பெண் பார்த்தாயிற்றா?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்போடு கேட்ட கேள்விதான். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் யாரிடமும் உதவி தேடவில்லை. நானும் தொழிலின் தொடக்கத்தில் இதே கேள்வியை ஓர் இளைஞரிடம் கேட்டிருக்கிறேன். அவர் மறுபடி வரவே இல்லை. அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த நாட்டில் சட்டம் பின்தங்கியிருக்கவில்லை. 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பாலீர்ப்பின் அடிப்படையிலான பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. 2000இல், எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி விமானப் பணிக்கு ஒருவரை மறுத்தது செல்லாது என்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006 நவம்பர் முதல் ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால் ஃபீனிக்ஸை அடுத்துள்ள க்வாமாஷுவில், 1998 டிசம்பரில், தமக்குத் தொற்று இருப்பதை உலக எய்ட்ஸ் நாளையொட்டி வெளிப்படையாகச் சொன்ன குகு டிலாமினி என்ற பெண்ணை அக்கம்பக்கத்தார் அடித்தே கொன்றார்கள். டர்பன் நகர மையத்தில் இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. சட்டம் நீதிமன்றத்தின் வாயில் வரைதான் துணைக்கு வரும். வீட்டுச் சமையலறைக்குள் அதனால் வர முடியாது.

மருத்துவமும் நெடுந்தூரம் வந்துவிட்டது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது; இப்போது பெரும்பாலோர்க்கு நாளைக்கு ஒரே மாத்திரைதான். தொடர்ந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாகத் தொற்று பிறருக்குப் பரவுவதில்லை. 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 782 ஆண் இணையர்களைப் பின்தொடர்ந்தது. சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று பரவவில்லை. இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்கிறேன். கேட்டதும் முகம் தளர்வதைப் பார்க்கிறேன். ஆயினும் மாத்திரையை எங்கே வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. ஒருவர் சீட்டைக் கிழித்துவிட்டு வைட்டமின் புட்டியில் மாற்றி, குலுங்கும் சத்தம் கேளாதிருக்கப் பஞ்சை அடைத்து வைத்திருந்தார். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு மூன்று நாள் சென்றால் மூன்று நாளும் மருந்து இல்லை. மருந்து தவறினால் வைரஸ் திரும்பும். சமூக இழுக்கு உடலுக்குள் புகும் வழி இவ்வளவு சாதாரணமானது.

தனி வாயில், தனி இருக்கை, தனிக் கடற்கரை என்று நிறவெறி ஆட்சி நம்மை ஒதுக்கி வைத்ததை நேரில் அனுபவித்த தாத்தாக்களும் ஆயாக்களும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தனித்தட்டு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில்களில் கூழ் ஊற்றும் நாளில் வரிசையில் யாருடைய நோயையும் எவரும் கேட்பதில்லை. அந்த வழக்கம் வீட்டுக்குள்ளும் வரவேண்டும் என்று, அழைக்கும் கோயில் குழுக்களிடம் நான் பேசிவருகிறேன். தனியே பேச விரும்புவோர்க்கு 0800 012 322 என்ற எய்ட்ஸ் உதவி எண் கட்டணமில்லாமல் கிடைக்கிறது.

சாட்ஸ்வர்த் பெண்ணுக்குக் காசநோய் குணமாகிவிட்டது. வைரஸ் அளவும் கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. கடைசியாகச் சென்றபோதும் கோப்பையில் அந்த நூல் இருந்தது. அதை அவிழ்க்கும்படி அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் இப்போது நான் உட்கார்ந்து பேசுவது மாமியாரிடம்.