ஒரு மில்லிசெகண்டு, முக்கால் முழம்

கோயில் கொடைக்குத் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே நின்றால் ஒரே பாட்டு இரண்டு தடவை, சில இடத்தில் மூன்று தடவை கேட்கும். நெல்லைச் சீமையில் எல்லோருக்கும் பழகிய சத்தம் அது. பல வருடம் முன்பு பிரிந்துபோன ஓர் இண்டி ராக் பேண்ட் மறுபடி கூடி, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் போன்ற திறந்த இடத்தில் வாசிக்கிறது என்று வையுங்கள். அங்கேயும் அதே கோளாறு வந்தால், ஆசையாக வந்தவர்களுக்குப் பாதிப் பாட்டு சேதமாகிவிடும்.

ஒலி நாம் நினைப்பதைவிட மெதுவாகப் போவதுதான் காரணம். 30 டிகிரி செல்சியஸ் காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். ஒரு மில்லிசெகண்டுக்கு, அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, 35 செ.மீ. பூ அளக்கிற முழத்தில் முக்கால் முழம். மேடை, மைதானம் இரண்டின் கணக்கும் இந்த முக்கால் முழத்தில்தான் இருக்கிறது.

முதலில் மேடை. வில்லுப்பாட்டுக் குழுவைக் கவனியுங்கள். வில், குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் ஒரு ஜமுக்காளத்துக்குள் அடங்கிவிடும். எந்த இருவருக்கும் நடுவே 2 மீட்டருக்கு மேல் இருக்காது. உடுக்குச் சத்தம் 6 மில்லிசெகண்டுக்குள் எல்லார் காதுக்கும் போய்விடுவதால் தாளம் கட்டிப்போட்டது போல நிற்கிறது. ராக் மேடையில் டிரம்ஸ் பின்னால் உயரத்தில் இருக்கும், பாடுபவர் 7 மீட்டர் முன்னால் நிற்பார். டிரம் அடி அவரிடம் வர 20 மில்லிசெகண்டு ஆகும். இந்தத் தாமதம் 25 மில்லிசெகண்டைத் தாண்டத் தொடங்கினால் ஒருவர் அடிக்கு இன்னொருவர் காத்திருக்க, பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும்.

பிரிந்து சேர்ந்தவர்களுக்கு இது கூடுதலாகவே வலிக்கும். விரலுக்குப் பாட்டு மறக்காது. சைக்கிள் ஓட்டுவது போல, அந்த நினைவு மூளையின் வேறு பகுதியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கிற பழக்கம் சின்ன ரிகர்சல் அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உண்டானது. அதனால் பெரிய மேடை கிடைத்தாலும் அதை முழுக்க நிரப்ப வேண்டாம். டிரம்ஸை முன்னுக்குத் தள்ளி, நால்வரையும் 4 மீட்டர் சதுரத்துக்குள் நிறுத்துவதே எங்கள் பரிந்துரை. பார்வைக்கு மேடை காலியாகத் தெரிந்தால் தெரியட்டும். ஒவ்வொருவர் காலடியிலும் அவரைப் பார்த்துத் திரும்பிய ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் மற்றவர் வாசிப்பு 4, 5 மில்லிசெகண்டில் வந்துவிடும்.

மானிட்டர் வந்தால் ஊளையும் கூடவே வரும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து, ஆம்ப்ளிஃபயரில் பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வருகிறது. ஒரு சுற்றுக்குள் அது குறையாமல் கூடினால் ‘வீல்’ என்று கத்தும். மேடையில் பாடுவதற்கு வைக்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். மானிட்டரை அந்த முதுகுக்கு நேரே வைக்க வேண்டும். பாடுபவர் உணர்ச்சிவசப்பட்டு மைக் தலையின் வலையுருண்டையை உள்ளங்கையால் பொத்தினால், பின்பக்கத்து ஒலித் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையும் கேட்கத் தொடங்கும். அந்த நொடியே ஊளைதான். விரல்கள் உருண்டைக்குக் கீழே, பிடியில் மட்டும் இருக்க வேண்டும்.

சவுண்ட் செக்கில் ஆள் வருவதற்கு முன்பே மைக்கைத் திறந்து மானிட்டரை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். முதலில் எந்தச் சுருதியில் முனகுகிறதோ அதை மட்டும் ஈக்வலைசரில் (சுருதி வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 3 முதல் 6 டெசிபல் (ஒலியின் அளவை) குறையுங்கள். பிறகு மறுபடி ஏற்றுங்கள். மூன்று, நான்கு இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் வெட்டினால் குரலில் உயிர் இருக்காது. வருடக்கணக்காகச் சத்தத்தில் வாசித்தவர்களுக்கு உயர்ந்த சுருதியில், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் காது மங்கியிருப்பது வழக்கம். “அண்ணாச்சி, குரல் தெளிவா இல்ல, கூட்டுங்க” என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். குரலைக் கூட்டுவதற்குப் பதிலாக அதே மானிட்டரில் கிட்டாரைக் குறைத்துப் பாருங்கள்.

இனி மைதானம். சாதாரண ஸ்பீக்கருக்குத் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 110 என்றால் 32 மீட்டரில் 86. பின்வரிசைக்குக் கேட்கட்டும் என்று முன்ஸ்பீக்கரையே ஏற்றினால் முன்வரிசைக்குக் காது போகும். அதனால் பாதி தூரத்தில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் நிறுத்துகிறார்கள். தவறு நடப்பது இங்கேதான். 42 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கருக்குக் கம்பி வழியே பாட்டு உடனே போய்விடும். மேடைச் சத்தம் காற்றில் வர 120 மில்லிசெகண்டு ஆகும். நிமிடத்துக்கு 120 தாள அடி போகும் பாட்டில் ஒரு தாள அடி 500 மில்லிசெகண்டு. அதாவது கிட்டத்தட்ட கால் தாள அடி தள்ளி ஒவ்வொரு டிரம் அடியும் இரண்டாவது தடவை விழும். வாசிப்பவர்கள் பாவம், எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் பின்னால் நிற்பவருக்குத் தாளம் தப்பியதாகவே கேட்கும்.

டேப் பிடித்துத் தூரத்தை அளங்கள். மீட்டரை 0.35-ஆல் வகுத்தால் மில்லிசெகண்டு. அதோடு 10 முதல் 15 கூட்டி, பின் ஸ்பீக்கருக்கு அந்த அளவு டிலே (தாமதம்) போடுங்கள். 42 மீட்டருக்கு 130 சரியாக இருக்கும். கூடுதல் பத்து எதற்கு என்றால், ஏறக்குறைய 30 மில்லிசெகண்டுக்குள் அடுத்தடுத்து வரும் இரு ஒலிகளைக் காது ஒன்றாகச் சேர்த்து, முதலில் வந்த திசையையே நம்பும். 1949-இல் ஒலி ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் இதை விளக்கமாக எழுதினார். மேடைச் சத்தம் ஒரு மயிரிழை முந்தினால், பக்கத்து ஸ்பீக்கர் பாடினாலும் குரல் மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

ஆனி, ஆடி என்றால் மலைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் மேல்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். காற்றோடு போவது தரைக்கு வளையும். மேடையின் முதுகு மேற்கே இருக்கட்டும். மைக்குகளுக்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். மார்கழியில் நிலைமை வேறு: தரைக் காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருப்பதால் ஒலி கீழே வளைந்து அடுத்த ஊர் வரை தெளிவாகப் போகும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் சட்டம் என்பதையும் சேர்த்து நேரம் வகுக்க வேண்டும்.

கேட்க வருபவர்களுக்கு ஒன்று. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷின் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-இல் வெறும் 15 நிமிடம். மை பிளடி வாலன்டைன் பேண்ட் 2008-இல் மீண்டும் மேடையேறியபோது ரசிகர்களுக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானே போதும். அதை விரலால் உருட்டி மெல்லிய திரியாக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, திரியை உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பேசிப் பாருங்கள்: உங்கள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் சரியாக அமர்ந்திருக்கிறது.