தகரக்கூரை மழையும் செனாக்கிஸின் கணக்கும்

தென்மேற்குப் பருவமழை இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இறங்கும்போது, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பராவின் (வரிசைவீட்டு அறையின்) தகரக்கூரையில் விழும் முதற் சில துளிகளைத் தனித்தனியே எண்ணிவிடலாம். சற்று நேரத்தில் எண்ணிக்கை பிடிபடாமற் போய், பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டிய அளவுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. துளிகள் சற்றுப் பெருத்திருக்கலாம் என்றாலும், இந்த மாற்றத்துக்கு முதன்மைக் காரணம் அவற்றின் எண்ணிக்கைதான். பல்லாயிரம் சிற்றொலிகள் கூடும்போது அவற்றில் எதற்கும் தனியே இல்லாத ஒரு புதிய ஒலி பிறக்கிறது என்பதைத் தம் இசையின் அடித்தளமாகக் கொண்டவர் இசையமைப்பாளர் இயானிஸ் செனாக்கிஸ். கடினமான பரப்பில் மோதும் ஆலங்கட்டியையும் மழையையும், கோடைக்கால வயலில் இரையும் சில்வண்டுகளையும் இதற்கு எடுத்துக்காட்டாக அவரே எழுதியிருக்கிறார்.

ருமேனியாவில் கிரேக்கப் பெற்றோருக்கு 1922இல் பிறந்த செனாக்கிஸ், ஏதென்ஸில் பொறியியல் கற்றவர். போர்க்கால எதிர்ப்பியக்கத்தில் இருந்த அவருடைய முகத்தைப் பீரங்கிக் குண்டு சிதைத்தது. இடக்கண்ணின் பார்வை போயிற்று. 1947இல் பாரிசுக்குத் தப்பிச் சென்று, கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இசை கற்க வந்த அவரிடம், கணிதமும் கட்டடக்கலையும் அறிந்த நீர் அவற்றையே உம் இசையில் பயன்படுத்தும் என்ற கருத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் கூறிய அறிவுரைதான் அவருடைய பாதையைத் தீர்மானித்தது. ஓர் ஆசிரியர் மாணவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவென்றே கருதுகிறேன்.

அந்தக் கணிதத்தைக் கூரையிலேயே பார்க்கலாம். ஒரு துளி எப்போது விழும் என்று எவராலும் சொல்ல இயலாது; ஆனால் குறித்த நேரத்தில் எத்தனை துளிகள் விழக்கூடும் என்பதைப் புவாசோன் பரம்பல் என்னும் நிகழ்தகவு விதி நன்றாகவே மதிப்பிடுகிறது. இவ்விதியில் நியம விலகல், அதாவது எண்ணிக்கை சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சராசரியின் வர்க்கமூலம். ஒரு தகரத்தில் செக்கனுக்குச் சராசரியாக 4 துளிகள் விழுமானால், நியம விலகல் 2, அதாவது சராசரியில் பாதி. ஏறத்தாழ 55 செக்கன்களில் ஒன்று துளியே இன்றிக் கழியும், வேறொன்றில் எட்டோ ஒன்பதோ விழும். ஆகையால் நம் காதுக்குச் சிதறலாகப் படுகிறது. கூரை முழுவதிலும் செக்கனுக்கு 10,000 துளிகள் விழும்போது விலகல் 100 மட்டுமே. அது சராசரியில் நூற்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு துளியும் முன்போலவே தற்செயலாகத்தான் விழுகிறது, ஆனாலும் மொத்த ஒலி ஏறக்குறைய நிலையாக நிற்கிறது.

இதில் காதின் பங்கும் உண்டு. ஒரே வகையான ஒலித்துணுக்குகள் செக்கனுக்கு ஏறத்தாழ 20க்கு மேல் சீராக வந்தால், காது அவற்றைப் பிரித்துக் கேட்பதை விட்டு ஒரே தொனியாக உணரத் தொடங்கும். காமன் கூத்தில் அடிக்கும் தப்பு என்னும் பறையின் ஓர் அடியைப் பதிவுசெய்து, அதன் தொடக்கத்திலிருந்து சில மில்லிசெக்கன் நீளத் துணுக்கொன்றைக் கணினியில் வெட்டி எடுத்து, செக்கனுக்கு 10 தடவை ஒலிக்கவிட்டால் தாளம் கேட்கும். அதையே 100 தடவை ஆக்கினால், 100 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ரீங்காரமாகிவிடும். இடைவெளிகளை ஒழுங்கின்றிக் கலைத்துவிட்டாலோ தொனி மறைந்து மழையைப் போன்ற இரைச்சல் மிஞ்சும். தாளம், தொனி, இரைச்சல் மூன்றும் வெவ்வேறு பொருள்கள் அல்ல, ஒரே பொருளின் வெவ்வேறு அடர்த்திகளும் அடுக்குகளுமே என்பதை இதைவிட எளிதாகக் காட்ட வழியில்லை.

செனாக்கிஸ் இதை முதலில் வாத்தியங்களில் செய்து பார்த்தார். 1956இல் முடித்த 'பித்தோபிராக்டா'வில் 46 நரம்பிசைக் கலைஞர்களுக்கும் தனித்தனிப் பகுதிகளை எழுதி, வாயு மூலக்கூறுகளின் வேகத்தை விவரிக்கும் பரம்பலின்படி சுரங்களின் சறுக்கல்களைப் பங்கிட்டார். அடுத்து வந்த 'அக்கோரிப்சிஸ்' படைப்பின் திட்டம் 7 வரிசைகளும் 28 நிரல்களும் கொண்ட ஓர் அட்டவணை. ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 0.6 ஒலி நிகழ்வு என வைத்துக்கொண்டு புவாசோன் விதியால் அதை நிரப்பினார்: 196 கட்டங்களில் 107 வெறுமையானவை, 65இல் ஒரு நிகழ்வு, 19இல் இரண்டு, 4இல் மூன்று, ஒரேயொரு கட்டத்தில் நான்கு. பாதிக்கு மேற்பட்ட இடத்தை மௌனத்துக்கு விட்டுவைத்தது விதியேயாயினும், அந்த 0.6ஐத் தெரிவு செய்தவர் மனிதர். கணக்கு இசையமைத்துவிட்டது என்று சொல்வோர் இதைக் கவனிப்பதில்லை.

1958இல் பிரசெல்ஸ் உலகக் கண்காட்சிக்காகத் தாமே வடிவமைப்பில் பங்கெடுத்த பிலிப்ஸ் மண்டபத்துக்கு 'கான்கிரே பி.எச்.' என்ற ஒலிநாடாப் படைப்பைச் செய்தார். எரியும் கரி வெடிக்கும் சிறு சத்தங்களே அதன் ஒரே மூலப்பொருள். நாடாவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒட்டி, வேகத்தை மாற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இன்று கணினி நொடிப்பொழுதில் செய்யும் வேலை அன்று கத்தரியும் பசைநாடாவும் கொண்டு பொறுமையாகச் செய்யப்பட்டது. வெடிப்புகளின் அடர்த்தி கூடுவதும் குறைவதுமே அங்கு இராகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

2001இல் மறைவதற்குப் பத்தாண்டு முன், 'ஜென்டி 3' என்னும் படைப்பில் அவர் இதே எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். அங்கே நிகழ்தகவு துளிகளை அடுக்கவில்லை. ஒலியலையின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. அலையின் வளைவுப் புள்ளிகள் சுற்றுக்குச் சுற்று தற்செயலாக இடம்பெயர, அந்தப் பெயர்வு சிறிதாக இருக்கும்போது நிலையான தொனியும், பெரிதாகும்போது கரகரப்பான இரைச்சலும் ஒலிபெருக்கியிலிருந்து வெளிவருகின்றன.