பழைய பள்ளிச் சுவரைச் சிமென்ட்டால் அடைக்காதீர்கள்

சென்ற மாதம் தென் லண்டனில் ஒரு பள்ளியின் ஈரச் சுவரைப் பார்வையிட அழைத்திருந்தார்கள். நகத்தால் இலேசாகச் சுரண்டியதுமே செங்கல்லின் முகம் அப்பளம்போல் உரிந்து கையோடு வந்தது. அதைச் சுற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் செய்த சிமென்ட் பாயிண்டிங் (செங்கற்களின் இடுக்குகளில் அடைக்கும் பூச்சு) மட்டும் ஒரு கீறலுமின்றித் துருத்திக்கொண்டு நின்றது. இந்த ஆண்டு நான் பார்க்கும் நான்காவது கட்டடம் இது. நான்கிலும் சுவரைக் கெடுத்தது, சுவரைக் காப்பாற்றச் செய்த வேலைதான்.

ஏழாம் எட்வர்டு ஆண்ட 1901 முதல் 1910 வரையிலான காலத்தில் பிரிட்டனில் இத்தகைய பள்ளிகள் ஏராளமாக எழுந்தன. 1902-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில், பள்ளிகளைக் கட்டி நடத்திவந்த பள்ளி வாரியங்கள் கலைந்தன. லண்டனில் 1903-ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தால் அப்பொறுப்பு 1904-இல் நகர நிர்வாக மன்றமான லண்டன் கவுன்ட்டி கவுன்சிலுக்கு மாறியபோது, வாரியத்தின் கட்டடக் கலைஞராக இருந்த டி. ஜே. பெய்லி அங்கும் பணியைத் தொடர்ந்தார். மூன்றடுக்குப் பள்ளிகளில் பொதுவாக மழலையர் கீழே, சிறுமியரும் சிறுவரும் மேல் தளங்களில்; தளத்தின் நடுவே கூடம். கிளாஸ்கோவில் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மேக்கின்டாஷ் 1906-இல் முடித்த ஸ்காட்லாந்து தெருப் பள்ளியில், சிறுவருக்கும் சிறுமியருக்கும் தனித்தனியாக நிற்கும் இரண்டு கண்ணாடிப் படிக்கட்டுக் கோபுரங்களை இன்றும் காணலாம்.

இப்பள்ளிகளின் உயர்ந்த சன்னல்களைப் பகட்டு என்று எண்ணித் தாழ்வான பொய்க்கூரை போடுகிறார்கள். வலக்கையால் எழுதும் பிள்ளையின் தாளில் கைநிழல் விழாதிருக்க, வெளிச்சம் இடப்புறமிருந்து அறையின் உள்மூலை வரை எட்ட வேண்டும் என்பதற்காகவே சன்னல் அவ்வளவு உயரம் போயிற்று.

என்னை மிகவும் சலிக்க வைப்பது வேறொன்று. "ஈரம் உள்ளே வருகிறது, ஆகவே அடைத்துவிடுவோம்" என்கிறார்கள். ஐயா, அந்தச் சுவர் ஈரம் படாதிருக்கக் கட்டப்பட்டதன்று. நனைந்து, பிறகு காயக் கட்டப்பட்டது. பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய அந்தக் கனத்த சுவரில், மழையில் உறிஞ்சிய நீர் செங்கல்லைவிட மென்மையான காரையின் வழியே வெளியேறிவிடும். அந்த வழியைச் சிமென்ட்டால் மூடினால், மயிரிழை விரிசல்களில் புகுந்த நீர் செங்கல்லுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, அதன் முகத்தைப் பெயர்க்கிறது. நீர் தடுக்கும் பூச்சு அடித்தாலும் கதை பெரும்பாலும் இதுதான். ஈரமானியில் எண் ஏறுவதைக் காட்டிப் பயமுறுத்துவோரும் உண்டு; அந்தக் கருவி மரத்துக்காக அளவு குறிக்கப்பட்டது, சுவரில் உப்பு இருந்தாலே எகிறும்.

ஈரம் கண்டால் முதலில் கூரையைப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயின் பின்புறம் துருப்பிடித்து வெடித்திருக்கிறதா என்று, மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள். விளையாட்டு மைதானத்துக்கு மேன்மேலும் தார் போட்டுத் தரைமட்டத்தை உயர்த்தி, சுவரடியிலுள்ள காற்றுத்துளைச் செங்கற்களைப் புதைக்காதீர்கள். பலகைத் தரையைத் தாங்கும் உத்திரங்களின் நுனிகள் அந்தக் காற்று இல்லாமல்தான் உளுத்துப்போகின்றன. பாயிண்டிங் அவசியமானால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். இருக்கிற சிமென்ட்டை இயந்திரத்தால் அறுக்க விடாதீர்கள், செங்கல்லின் ஓரம் சேர்ந்து போய்விடும். பாரம்பரியச் சிறப்புக்காக அரசுப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால், அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "தெரியாமல் செய்துவிட்டோம்" என்பது அங்கே எடுபடாது.

தென் லண்டன் பள்ளியில் ஒரு வகுப்பறையின் அறிவிப்புப் பலகையைக் கழற்றச் சொன்னேன். பின்னால் இரும்புச் சல்லடையோடு ஒரு காற்றுவழி, பழைய செய்தித்தாள்களால் இறுக அடைக்கப்பட்டிருந்தது. தயவுசெய்து இந்த வாரமே உங்கள் பள்ளியிலும் அந்தப் பலகைகளைச் சற்று நகர்த்திப் பாருங்கள்.