ஸ்டென்ட் வைத்தால் நெஞ்சுவலி ஏன் குறைகிறது?

வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும், நின்றால் விட்டுவிடும். ஆஞ்சியோகிராம் எடுத்தால் இதய ரத்தக்குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழலான ஸ்டென்டை வைத்ததும் பலர் வலி போய்விட்டதென்பார்கள். அது ரத்தம் தடையின்றி ஓடுவதாலா, 'அடைப்பை எடுத்துவிட்டார்கள்' என்ற நிம்மதியாலா? அடைப்பைப் பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி 1977-இல் வந்தும், இதைப் பிரித்துப் பார்க்க 40 ஆண்டுகள் ஆயின.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரஷா அல்-லாமி குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆர்பிட்டா ஆய்வில், ஒரே குழாயில் அடைப்புள்ள 200 பேர் இருந்தனர். முதல் 6 வாரம் நெஞ்சுவலி மருந்துகளைப் படிப்படியாகக் கூட்டி முழு அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு கேத் லேப், அதாவது ஸ்டென்ட் வைக்கும் அறை. காதில் ஹெட்போன், அதில் பாட்டு. அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தைக் கம்பி விட்டு அளந்தபின், ஆழ்ந்து உறங்கும்வரை மயக்க மருந்து. யாருக்கு ஸ்டென்ட் என்பதைக் குலுக்கல் முறை அப்போதுதான் முடிவு செய்யும். ஸ்டென்ட் கிடைக்காதவர்களையும் குறைந்தது 15 நிமிடம் மேஜையிலேயே படுக்கவைத்தார்கள். வார்டு ஊழியர்களுக்கும் விவரம் தெரியாது. ரத்தம் உறையாமல் காக்கும் இரட்டை மாத்திரை இரு தரப்புக்கும் உண்டு. இல்லாவிட்டால் மாத்திரைச் சீட்டே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டென்ட் இல்லாத தரப்பில் 4 பேருக்கு அந்த அளவுக்கம்பியாலேயே சிக்கல் வந்து, ஸ்டென்ட் வைக்க நேர்ந்தது. இப்படியொரு ஆய்வுக்கு நோயாளிகள் முன்கூட்டியே சம்மதித்தது பெரிய விஷயம்.

6 வாரம் கழித்து டிரெட்மில் சோதனை. ஸ்டென்ட் தரப்பு கூடுதலாகத் தாக்குப்பிடித்தது சராசரியாக 16.6 விநாடிதான். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம் அது. ஆனால் இதயச் சுவரின் அசைவு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தெளிவாக மேம்பட்டிருந்தது. அப்படியானால் ஸ்டென்ட் வேலை செய்திருக்கிறது. வலியை ஏற்கெனவே மருந்துகள் அடக்கிவிட்டதால், அதன் பலன் உணரும்படி வெளியே தெரியவில்லை.

இதைச் சரிபார்க்க, 2023-இல் வந்த ஆர்பிட்டா-2 ஆய்வில் நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரைச் சோதித்தார்கள். இம்முறை டிரெட்மில்லில் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். வலியும் உண்மையிலேயே குறைந்தது. ஆக, ஸ்டென்டின் பலன் வெறும் நம்பிக்கையல்ல. அதே பலனில் பெரும்பங்கை மருந்தும் தரும்.

ஆயுள் வேறு கணக்கு. 5,179 பேரைப் பின்தொடர்ந்த இஸ்கீமியா ஆய்வில், நிலையான அடைப்புக்கு முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. மாரடைப்பு வரும் நேரத்தில் கதையே வேறு. அப்போது குழாயை உடனே திறப்பது உயிர் காக்கும்.

ஆர்பிட்டா-2-இல் ஸ்டென்ட் வைத்தும் வலி முழுதாக நின்றது சுமார் 40 சதவீதம் பேருக்கே. ஆஞ்சியோகிராமில் தெரியாத நுண்குழாய்களின் கோளாறாலும், இதயத்துக்குச் சம்பந்தமில்லாத காரணங்களாலும் நெஞ்சு வலிக்கலாம். அதனால் ஸ்டென்டுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால், அடுத்த ஸ்டென்டுக்கு முன் வலி எங்கிருந்து வருகிறதென்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை இடையில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி, மாரடைப்பில் முடியலாம்.